வேலை முதலில், படிப்பு பிறகு

கேள்வி: எனக்கு 35 வயது. சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். எம்.ஏ. தமிழ், பி.எட். முடித்து, 2017இல் ஆசிரியர் தகுதித் தேர்வில் இரண்டாம் தாளும் தேறினேன். வேலை மட்டும் வரவில்லை. திருமணமாகி சிங்கப்பூர் வந்தேன். போன ஆண்டு நிரந்தரவாசம் கிடைத்தது. செங்காங்கில் இருக்கிறோம், மகள் தொடக்கநிலை 1 படிக்கிறாள். நிரந்தரவாசம் கிடைத்ததிலிருந்து அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நால்வருக்கு வீட்டில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். இங்கே ஆசிரியர் கல்வி முடித்து வெளியே வருகிறவர்களில் கிட்டத்தட்ட எல்லாருக்கும் வேலை கிடைத்துவிடுகிறது என்று படித்தேன். எங்கள் சேமிப்பு 30,000 வெள்ளி. அதைக் கட்டி தேசியக் கல்விக் கழகத்தில் சேர்ந்தால் எனக்கும் வேலை உறுதிதானே? கணவர், “காசைக் கரியாக்காதே, வயசும் போயிடுச்சு” என்கிறார். என் பி.எட். இங்கே செல்லுமா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு, உங்கள் கணவர் சொன்ன இரண்டில் ஒன்று சரி, மற்றது தப்பு. காசு விஷயத்தில் அவர் பக்கம்தான் நான். வயது விஷயத்தில் உங்கள் பக்கம்.

முதலில் அந்தப் புள்ளிவிவரம். நீங்கள் படித்தது பொய்யில்லை. இங்குள்ள பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் சேர்ந்து பட்டதாரி வேலைவாய்ப்பு ஆய்வு நடத்துகின்றன. இறுதித் தேர்வு முடிந்து ஏறத்தாழ ஆறு மாதம் கழித்து, “வேலையில் இருக்கிறீர்களா, சம்பளம் என்ன?” என்று கேட்கிறார்கள். கல்வியியல் பட்டதாரிகளின் வரிசையில் அந்த எண் பெரும்பாலும் நூற்றை ஒட்டியே நிற்கும். மற்ற துறைப் பிள்ளைகள் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதும் உண்டு.

ஆனால் அந்த எண் எப்படி வருகிறது என்று பாருங்கள். தமிழ்நாட்டில் நீங்கள் வந்த வழி நமக்குத் தெரியும். முதலில் பி.எட்., பிறகு தகுதித் தேர்வு, பிறகு காத்திருப்பு. 2012இல் அங்கே நடந்த முதல் தகுதித் தேர்வில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. நீங்கள் தேறியும் நியமனம் வரவில்லை. இங்கே வண்டி மறுபக்கமாக ஓடுகிறது. கல்வி அமைச்சு முதலில் ஆளை வேலைக்கு எடுக்கிறது. எடுத்த ஆளைத்தான் தேசியக் கல்விக் கழகத்துக்குப் படிக்க அனுப்புகிறது. பட்டம் முடித்துவிட்டு வந்தவர் என்றால், படிக்கிற காலத்தில் அவர் மாணவர் மட்டுமல்லர், சம்பளம் வாங்கும் அரசாங்க ஊழியரும்கூட. மத்திய சேமநிதியும் பிடிப்பார்கள். ஆக, படிப்பை முடிக்கும் நாளன்று அவருக்கு வேலை கிடைப்பதில்லை. அது முன்பே கிடைத்துவிட்டது. ஏற்கெனவே வேலையில் இருப்பவரிடம் போய் “வேலை கிடைத்ததா?” என்று கேட்டால் வேறென்ன பதில் வரும்?

இன்னொன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அந்த ஆய்வு முதல் பட்டம் வாங்கியவர்களைப் பற்றியது. உங்களைப் போல் ஏற்கெனவே பட்டம் வைத்திருப்பவர் போகிற வழி, பட்டத்துக்குப் பிந்திய கல்வியியல் பட்டயம். அந்த விழுக்காட்டில் இவர்கள் கணக்கிலேயே இல்லை. விண்ணப்பித்துத் தேர்வாகாமல் திரும்பியவர்களும் இல்லை. வகுப்பறைப் பயிற்சியில் தடுமாறிப் பாதியில் விலகியவர்களும் இல்லை. வேலை தேடாமல் மேற்படிப்புக்குப் போனவர்களையும் கணக்கில் எடுப்பதில்லை. அதனால் வாசலைத் தாண்டி உள்ளே போனவர்கள் நிலையைத்தான் அந்த எண் காட்டும். நீங்கள் இன்னும் வாசலுக்கு வெளியே நிற்கிறீர்கள்.

இந்த முறை நேற்று முளைத்ததல்ல. 1950இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி வந்தது, 1973இல் அது கல்விக் கழகம் ஆனது, 1991இல் உடற்கல்விக் கல்லூரியோடு சேர்ந்து தேசியக் கல்விக் கழகமாகி நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தது. பயிற்சி தருகிற இடம் நாடு முழுவதற்கும் இந்த ஒன்றுதான், அரசாங்கப் பள்ளிகளுக்கு ஆள் எடுக்கிற முதலாளியும் ஒருவர்தான். அடுத்த சில ஆண்டுகளுக்கு எத்தனை பிள்ளைகள் பள்ளிக்கு வருவார்கள், எத்தனை ஆசிரியர்கள் ஓய்வு பெறுவார்கள் என்று கணக்குப் போட்டு அந்த அளவுக்குத்தான் எடுக்கிறார்கள். தெருவுக்கு ஒரு பி.எட். கல்லூரி என்ற நிலை இங்கே வராததற்கு இதுதான் காரணம்.

சரி, 30,000 வெள்ளிக்கு வருவோம். நீங்கள் நினைப்பதுபோல் காசு கட்டிச் சேர்ந்து, படித்து முடித்து, பிறகு வேலை தேடுவது இங்குள்ள வழக்கமான பாதை இல்லை. காசு கட்டிப் படிக்கக்கூடிய முதுநிலைப் படிப்புகள் அந்தக் கழகத்தில் இருக்கின்றன. அவை பெரும்பாலும் ஏற்கெனவே கல்வித் துறையில் இருப்பவர்கள் மேலே போகப் படிப்பவை. அதை முடித்ததாலேயே யாரும் உங்களை வகுப்பறையில் கொண்டுபோய் நிறுத்த மாட்டார்கள். சில தனியார் நிலையங்கள் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் என்று விளம்பரம் செய்வதையும் பார்த்திருப்பீர்கள். துணைப்பாட நிலையத்தில் சேர அது கொஞ்சம் உதவலாம். அமைச்சின் பள்ளியில் நிரந்தர ஆசிரியராக அது போதாது. போன ஆண்டு ஒரு தங்கை என்னிடம் அப்படி ஒரு சான்றிதழோடு வந்தார். தங்க எழுத்தில் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, பைக்குள் துணி சுற்றி வைத்திருந்தார். பல ஆயிரம் வெள்ளி. அவர் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு காப்பி குடிக்கும் நேரம் தேவைப்பட்டது. அந்த நிலைக்கு நீங்கள் வந்துவிடக் கூடாது என்றுதான் இதை முதலில் எழுதுகிறேன்.

அப்படியானால் எந்தக் கதவைத் தட்டுவது? தேசியக் கல்விக் கழகத்தை விட்டுவிட்டுக் கல்வி அமைச்சைத் தட்டுங்கள். ஆசிரியர் பணிக்கு விண்ணப்பம் அமைச்சின் இணையத்தளத்தில் இருக்கிறது. நிரந்தரவாசிகள் விண்ணப்பிக்கலாம். எம்.ஏ. தமிழ் உங்கள் பலம். விண்ணப்பத்தைப் பார்த்துப் பிடித்திருந்தால் நேர்முகத்துக்கு அழைப்பார்கள். பாடத்திறனும் மொழித்திறனும் பார்ப்பார்கள். தேறினால் பெரும்பாலும் முதலில் ஒரு பள்ளிக்கு அனுப்பிக் கொஞ்ச காலம் பாடம் எடுக்கச் சொல்வார்கள். அங்கே உங்களுக்கு இந்த வேலை ஒத்துவருகிறதா என்று நீங்கள் பார்க்கலாம், நீங்கள் ஒத்துவருவீர்களா என்று பள்ளி பார்க்கும். அதற்குப் பிறகுதான் தேசியக் கல்விக் கழகம். பட்டயம் முடித்ததும் மூன்று ஆண்டு பணி ஒப்பந்தம் இருக்கும். இடையில் விட்டால் படிப்புக் கட்டணம், பயிற்சிக் காலச் சம்பளம் எல்லாம் கணக்குப் பார்த்து இழப்பீடு கேட்பார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நீங்களும் கணவரும் உட்கார்ந்து பேச வேண்டிய காகிதம் அதுதான்.

உங்கள் பி.எட். செல்லுமா என்று கேட்டீர்கள். விண்ணப்பத்தில் எழுதுங்கள், மதிப்பு உண்டு. ஆனால் அது இருப்பதால் இங்கே பயிற்சி தேவையில்லை என்று சொல்வார்கள் என எதிர்பார்க்காதீர்கள். இது கௌரவக் குறைச்சல் இல்லை. ஏன் என்று ஒரு சம்பவம் சொல்கிறேன்.

நான் ஓர் உயர்நிலைப்பள்ளியில் தமிழுக்குப் பொறுப்பாக இருந்த காலம். ஒப்பந்த ஆசிரியையாக ஒருவர் வந்தார். உங்களைப் போலவே எம்.ஏ., பி.எட்., ஊரில் இரண்டு ஆண்டு தனியார் பள்ளி அனுபவம். அச்சடித்தது போன்ற கையெழுத்து. முதல் வாரம் அவர் வகுப்பில் போய்ப் பின்னால் உட்கார்ந்தேன். பதினொரு பிள்ளைகள். தமிழ் வகுப்பு எப்போதும் சின்னதுதான். சீன, மலாய் வகுப்புகள் பெரிய அறைகளுக்குப் போய்விட, நமக்குக் கிடைத்தது அலமாரிகளுக்கு நடுவில் ஒரு வள அறை. அவர் பலகையில் பெயர்ச்சொல், வினைச்சொல், இடைச்சொல், உரிச்சொல் என்று நான்கையும் எழுதி வரையறை சொல்லிக்கொண்டே போனார். பிள்ளைகள் எழுதிக்கொண்டே போனார்கள். ஒரு பையன் கையைத் தூக்கி, “மிஸ், உரிச்சொல்னா பீல் பண்றதா, வாழைப்பழம் மாதிரி?” என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. ஆசிரியை முகம் சிவந்துவிட்டது. கிண்டல் செய்கிறான் என்று நினைத்து அவனை எழுந்து நிற்க வைத்தார்.

வகுப்பு முடிந்து சிற்றுண்டிச்சாலையில் உட்கார்ந்து பேசினோம். அந்தப் பையன் கிண்டல் செய்யவில்லை என்றேன். அவன் வீட்டில் பேசுவது ஆங்கிலம். ‘உரி’ என்ற சொல் அவனுக்குத் தெரிந்திருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது? பாட்டி வெங்காயம் உரிக்கச் சொல்லியிருப்பார். அந்த வகுப்பில் அன்று தமிழ் உயிரோடு வந்தது அந்த ஒரு கேள்வியில்தான். மேலும் நம் பாடத்திட்டத்தில் அவர்களுக்கு அந்த வரையறையே தேவைப்படவில்லை. அவர் ஊரில் எடுத்த பாடத்தை இங்கே எடுத்துவிட்டார், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் அவர் ஒரு பை சின்ன வெங்காயம் வாங்கிக்கொண்டு வந்தார். நான் சொல்லவில்லை, அவருக்கே தோன்றியது. பிள்ளைகள் உரித்துக்கொண்டே சொன்னார்கள்: உரிக்கிறேன், உரித்தேன், உரிப்பேன். நறுக்குகிறேன், நறுக்கினேன், நறுக்குவேன். ‘நறுக்கித்தேன்’ என்று ஒருத்தி சொல்ல, ஏன் அப்படி வராது என்ற பேச்சில் பாதி வகுப்பு ஓடிவிட்டது. அறை முழுக்க வெங்காய வாடை. பக்கத்து அறை மலாய் ஆசிரியை எட்டிப் பார்த்து என்ன சமையல் என்று கேட்டுவிட்டுப் போனார். இந்த ஆசிரியை பிறகு தேசியக் கல்விக் கழகத்துக்குப் போய் வந்தார். இப்போது வேறொரு பள்ளியில் இருக்கிறார்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன இங்குள்ள இந்தியர்களில் 59.2 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம். தமிழ் 27 விழுக்காடு. பத்து ஆண்டுகளுக்கு முன் தமிழ் 36.7 விழுக்காடாக இருந்தது. உங்களுக்குத் தமிழ் தெரியும் என்பதில் தேர்வுக் குழுவுக்குச் சந்தேகம் வராது. தமிழ் பேசாத வீட்டிலிருந்து வருகிற பிள்ளையிடம் அதை எப்படிக் கொண்டுசேர்ப்பீர்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள். உங்களிடம் படிக்கிற அந்த நான்கு பிள்ளைகள் இதற்குப் பெரிய வாய்ப்பு. அவர்களில் தமிழ் மிகக் குறைவாகப் பேசுகிற பிள்ளை யார், இந்த ஆறு மாதத்தில் அந்தப் பிள்ளை எதில் முன்னேறியது, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நேர்முகத்தில் எம்.ஏ. மதிப்பெண்ணைவிட அந்த நோட்டு உங்களுக்காக அதிகம் பேசும். இங்கே வகுப்பில் பேச்சுத் தமிழுக்கும் இடம் உண்டு. எழுத்துத் தமிழை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போகாதீர்கள், தஞ்சாவூர் வழக்கு கொஞ்சம் எட்டிப் பார்த்தாலும் பயப்படாதீர்கள்.

இடையில் ஒன்று: அடுக்குமாடி வீட்டில் ஒரே நேரத்தில் மூன்று பிள்ளைகளுக்கு மேல் வைத்து வகுப்பு நடத்தக் கூடாது. நால்வரும் ஒன்றாக வருகிறார்கள் என்றால் நேரத்தைப் பிரித்துவிடுங்கள். இதைப் படிக்கிற மற்ற சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. சார்ந்திருப்போர் அட்டையில், அதாவது இங்கே வேலை அனுமதியில் இருப்பவரின் குடும்பத்தினருக்குத் தரும் அட்டையில் இருப்பவர்கள், 2021 மே மாதத்திலிருந்து தனியாக வேலை அனுமதி இல்லாமல் இங்கே வேலை செய்ய முடியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைதானே என்று காசு வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுப்பதும் அதில் சேரும். நிரந்தரவாசம் வரும்வரை காத்திருந்தீர்களே, நல்ல காரியம் செய்தீர்கள்.

வயதுக்கு வருவோம். வேறு வேலைகளில் பத்து, பதினைந்து ஆண்டு இருந்துவிட்டு ஆசிரியராக வருபவர்கள் இங்கே சகஜம். 35 ஒரு தடையே இல்லை. உங்களுக்கு நான் பார்க்கிற தடை வேறு, அது ஆங்கிலம். தமிழாசிரியைக்கு எதற்கு ஆங்கிலம் என்று கேட்காதீர்கள். ஆசிரியர் கூட்டம் ஆங்கிலத்தில், பெற்றோருக்கு அனுப்பும் மின்னஞ்சல் ஆங்கிலத்தில், பிள்ளைகளை வெளியே கூட்டிப்போக நிரப்பும் படிவம் ஆங்கிலத்தில். உங்களுக்கு ஒரு வகுப்பின் பொறுப்பு தரப்படலாம், அதில் சீனப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும் இருப்பார்கள். இணைப்பாட நடவடிக்கைக்குப் பூப்பந்து கொடுத்தாலும் கொடுப்பார்கள். என்னிடம் சிலம்பமா கொடுத்தார்கள்? ஆறு ஆண்டு சாரணர் படையோடு கூடாரம் அடித்தேன். கையில் உள்ள 30,000 வெள்ளியில் எதையாவது செலவழித்தே ஆக வேண்டும் என்று கை அரித்தால், அதில் ஒரு சின்னப் பங்கை நல்ல ஆங்கில எழுத்து வகுப்புக்குக் கொடுங்கள். மிச்சம் வங்கியிலேயே இருக்கட்டும்.

வேலை நேரத்தையும் தெரிந்துகொண்டு வாருங்கள். பல நாடுகளை ஒப்பிட்டுப் பார்க்கும் ஓஇசிடி (பொருளியல் ஒத்துழைப்பு, மேம்பாட்டு அமைப்பு) நடத்திய 2018 ஆய்வில் இங்குள்ள உயர்நிலைப்பள்ளி ஆசிரியர்கள் வாரத்துக்குச் சுமார் 46 மணி நேரம் வேலை செய்வதாகச் சொன்னார்கள். அதில் வகுப்பில் நின்று கற்பிப்பது சுமார் 18 மணி நேரம்தான். மிச்சமெல்லாம் திருத்தல், திட்டமிடல், கூட்டம், படிவம், பெற்றோர். 2022 அக்டோபரில் ஆசிரியர் சம்பளத்தை 5 முதல் 10 விழுக்காடு உயர்த்தினார்கள். சும்மா உயர்த்தவில்லை. ஆனாலும் இங்கே ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான் ஆசிரியர் பணியை விட்டுப் போகிறார்கள். உங்களுக்கு இது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்பது எந்தப் பக்கம் நின்று பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உள்ளே போனால் நிலையான வேலை. வெளியே நிற்பவருக்கு இடம் மெதுவாகத்தான் காலியாகும்.

தமிழுக்கு அது இன்னும் மெதுவு. ஒரு பள்ளியில் தமிழாசிரியர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருப்பார்கள். ஒருவர் ஓய்வு பெற்றால் தேவை, ஒருவர் மகப்பேற்று விடுப்பில் போனால் தற்காலிகத் தேவை. இங்கே மொத்தக் கருவள விகிதம், அதாவது ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை, 2023இல் 0.97க்கு இறங்கியது. பள்ளிகள் ஒன்றோடொன்று இணைக்கப்படுவதை நீங்களே செய்தியில் பார்க்கிறீர்கள். அதனால் ஒருமுறை விண்ணப்பித்து ‘இல்லை’ என்று வந்தால் அது உங்கள் தகுதியைப் பற்றிய தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த ஆண்டு இடமில்லை என்பதாகவும் இருக்கலாம். மறுபடி விண்ணப்பியுங்கள்.

காத்திருக்கும் காலத்தில் சும்மா இருக்க வேண்டாம். ரிலீஃப் ஆசிரியையாகப் போகலாம். பள்ளியில் யாராவது விடுப்பில் இருக்கும்போது கூப்பிடுவார்கள், ஒரு நாளாகவும் இருக்கலாம், ஒரு தவணையாகவும் இருக்கலாம். காசு பெரிதில்லை. ஆனால் ஒரு துறைத் தலைவர் உங்களை நேரில் பார்ப்பார். நான் பொறுப்பில் இருந்தபோது ஆள் தேவை என்றால் முதலில் நினைவுக்கு வந்தவர், அன்று கேட்காமலேயே நோட்டுகளைத் திருத்திவைத்துவிட்டுப் போன ரிலீஃப் டீச்சர்தான்.

பாலர் பள்ளிகளையும் ஒதுக்காதீர்கள். அமைச்சின் பாலர் பள்ளிகள் 2014இலிருந்து நடக்கின்றன, அங்கே தாய்மொழி கட்டாயம். மற்ற பாலர் பள்ளிகளில் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆள் கிடைக்காமல் பல இடங்களில் தமிழே இல்லை. இதற்குத் தனிப் பயிற்சி வேண்டும், சம்பளமும் பள்ளி ஆசிரியர் அளவுக்கு வராது. ஆனால் 2023இலிருந்து அரசாங்க ஆதரவு பெறும் பாலர் பள்ளிகளில் சம்பளத்தை நன்றாகவே கூட்டியிருக்கிறார்கள். நான்கு வயதுப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து பாட உங்களுக்குப் பிடிக்குமா என்பதே கேள்வி. பிடிக்காது என்றால் போகாதீர்கள், பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடும்.

உங்கள் பி.எட். நேராகச் செல்லுகிற இடமும் ஒன்று இருக்கிறது. இந்திய மத்தியக் கல்வி வாரியப் பாடத்திட்டம் நடத்தும் அனைத்துலகப் பள்ளிகள். அங்கே ஆள் எடுக்கும்போது பி.எட். கேட்பது வழக்கம், தமிழ் கற்பிக்கும் பள்ளிகளும் உண்டு. சம்பளமும் வேலைச் சூழலும் பள்ளிக்குப் பள்ளி மாறும். நிரந்தரவாசி என்பதால் அவர்களுக்கு உங்களை எடுப்பதில் அனுமதி அட்டைத் தொல்லையும் இல்லை. அமைச்சுக்கு விண்ணப்பித்துவிட்டு இங்கேயும் போட்டு வையுங்கள், ஒன்றுக்கொன்று தடையில்லை.

இந்த வாரம் செய்ய வேண்டியது: எம்.ஏ., பி.எட். சான்றிதழ்கள், மதிப்பெண் பட்டியல்கள், தகுதித் தேர்வுச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரு கோப்பில் போடுங்கள். பெயரில் ஓர் எழுத்து வேறுபட்டாலும், திருமணத்துக்குப் பிறகு பெயர் மாறியிருந்தாலும், அதற்கான கடிதத்தை இப்போதே தஞ்சாவூரிலிருந்து வரவழைத்துவிடுங்கள். கடைசி நேரத்தில் அண்ணனைக் கல்லூரி அலுவலகத்துக்கு ஓடவிட்ட ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். விண்ணப்பத்தில் இங்கே நடத்தும் வகுப்பைப் பற்றி இரண்டு வரி எழுதும்போது ‘டியூஷன்’ என்று மட்டும் போட்டுவிடாமல், எத்தனை பிள்ளைகள், எந்த வகுப்பு, வீட்டில் என்ன மொழி என்று எழுதுங்கள். அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு பிரதி அனுப்பினால் பார்த்துத் தருகிறேன்.